தலைமாடு முன்னால்

என் கணவருடைய அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் அவருக்குக் கொஞ்சம் நியாயம் செய்வதுபோலத் தெரிந்தால், அது கை தவறி நடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அவருக்கு மதிப்பு உண்டு. பாதி ஆயுளைக் கல்ஃபில் டிரெய்லர் ஓட்டிக் கழித்தவர். திரும்பி வந்தபின் திருச்சபைக் கமிட்டியில் இருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர் சொல்லுவார். செத்த வீட்டில் குழி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்றும் அவர் சொல்லுவார். யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாராவது கேட்கட்டும் என்று அவர் காத்திருந்ததாகவும் நினைவில்லை.

என் கணவர் நெஞ்சுவலியில் போன அன்றும் எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. வீட்டில் ஜெபம் முடிந்து பெட்டியை எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவரைக் கால்மாடு முன்னால் வைத்துத்தான் வாசல் கடத்துவார்கள். தலைமாடு பின்னால் வரும். நான் தலைமாட்டைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். பெட்டி ஏறிய வண்டியில் நானும் ஏறப் போனபோது அத்தான் குறுக்கே கையை நீட்டினார். கணவரின் அண்ணனை அத்தான் என்றுதான் நான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டும் வருகிறேன்.

"டீச்சர், பெண்ணுவ எல்லாம் அடுத்த வண்டி" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் பெயரை அவர் உச்சரித்ததே கிடையாது. அந்த 'டீச்சர்' மரியாதையால் வருவதில்லை, இவளுக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு என்று குத்திக் காட்டுவதற்காக வருவது.

அடுத்த வண்டி வந்து, பெண்களெல்லாம் ஏறி, யாரோ ஒருத்தி செருப்பை மறந்து இறங்கி ஏறி, கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மண் போட்டு மூடியாகிவிட்டது. மேட்டின்மேல் மலர்வளையம்கூட வைத்துவிட்டார்கள். அத்தான் குழாயடியில் நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "மழ வருகுல்லா. குழி சரிஞ்சிரும். அதனாலயாக்கும் காத்து நிக்காதது" என்றார். அன்று சாயங்காலம் வரை ஒரு துளி விழவில்லை.

என் கணவரை மண்ணில் இறக்கியதை நான் பார்க்கவில்லை. வீட்டில் முகத்தைப் பார்த்தது வேறு, இது வேறு. கட்டிலில் படுத்திருந்த ஆளை யாரோ எங்கேயோ கொண்டுபோய் மறைத்துவிட்டார்கள் என்றே எனக்கு இருந்தது. துக்கம் ஆறினாலும் ஆறும் போலிருந்தது, இந்தக் கோபம் ஆறவில்லை.

அதனால் ஓராண்டு நிறைவுக்குக் கல்லறையில் சிலுவை வைப்பது என்று பேச்சு வந்தபோது நான் ஒன்று தீர்மானித்தேன். அந்தக் கல் மண்ணில் இறங்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்பேன் என்று சொன்னால் போதாது, அத்தான் மறுபடியும் ஒரு மழையைக் கண்டுபிடிப்பார். கல்லை நானே கொண்டுபோக வேண்டும். கல் என் வண்டியில் இருந்தால், நான் வராமல் எதைக் குழியில் இறக்குவார்கள்?

என்னிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. அதன் பின்னால் மாட்டி இழுக்கிற இரட்டைச் சக்கர டிரெய்லர் ஒன்றும் இருக்கிறது. என் கணவர் மைக் செட் வைத்திருந்தவர். கன்வென்ஷன், கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று மாவட்டம் முழுக்க அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் அலறியிருக்கின்றன. பெட்டிகளையும் ஜெனரேட்டரையும் கொண்டுபோக அந்த டிரெய்லரை முறையாகப் பதிவு செய்து, நம்பர் பலகையும் பின்விளக்கும் வைத்து வாங்கினார். ஆனால் ஓட்டுவதென்றால் அவருக்குக் கசப்பு. லீவு நாட்களில் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறை சொன்னார்.

நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போட்டதில் பாதி அந்த டிரெய்லரால்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது அது வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். எனக்கு அது பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதற்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் வாழைமரத்தைச் சாய்த்தேன். அவர் அத்தனை பேர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து நான் சமைக்கவில்லை. மறுவாரம் பள்ளி மைதானத்தில் தனியாகப் போய், செங்கல்லை நட்டு நட்டு, அவரைவிட நன்றாக ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டேன். அவரை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நல்ல நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

பாரம் ஏற்றுவதில் மட்டும் அவர் சொன்னதை மறுத்து நான் பேசியதில்லை, ஏனென்றால் அது கணக்கு. டிரெய்லரின் சக்கரங்கள் நடுவில் இருக்கின்றன. கனமான சாமான் சக்கரத்துக்கு முன்னால், காரின் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் நீண்டிருக்கிற ஏர்க்கால் காரின் கொக்கியை மெல்ல அமுக்கிக்கொண்டு வரும். கனம் பின்னால் போனால் ஏர்க்கால் மேலே எழும்பி, காரின் பின்பக்கத்தையும் தூக்கும். காரின் பின்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு போய்விடும். மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் காரையும் சேர்த்து ஆட்டும். அவர் ஒவ்வொரு தடவையும் பாரம் ஏற்றிவிட்டு, கொக்கியில் மாட்டுவதற்கு முன் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். நிறைந்த காஸ் சிலிண்டரைத் தூக்குகிற பாரம் கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்குவார். நிகழ்ச்சிக்காரர்கள் போனில் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

சிலுவைக்கு மயிலாடியில் ஒரு கல் பட்டறையில் சொல்லியிருந்தது. சொன்னவர் அத்தான்தான். பீடமும் சிலுவையும் ஒரே கல்லில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் இரண்டு துண்டாகச் செய்து பொருத்துகிறவர்களாம். டெம்போவும் அவரே பேசி வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். "அவிய வண்டியிலதான் அவிய கல்லு வரும்" என்றேன், என் கணவரைச் சொல்லி. அத்தான் டெம்போவை விட்டுவிட்டு, நானும் கூட வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பட்டறை வாசலில் கல்லைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மேலே சிலுவையின் தண்டும் கையும் மெலிந்து இருந்தன. கீழே பீடம், ஆட்டுக்கல்லைப்போல நாலு மடங்கு. கனமெல்லாம் ஒரு முனையில் இருந்தது. வைக்கோல் பரப்பிய டிரெய்லரில் படுக்க வைக்கும்போது பீடம் காரின் பக்கம் வர வேண்டும், சிலுவையின் உச்சி பின்னால் போக வேண்டும்.

நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை, அத்தான் பாய்ந்தார்.

"கால்மாடு முன்னாலயா? என்ன டீச்சர் பேசுகிய? செத்தவனுக்க பெட்டியத்தான் கால்மாடு முன்னால எடுப்பாவ. இது சிலுவையாக்கும். தலைமாடு முன்னாலதான் போணும்."

"அத்தான், இது சிலுவையா பொணமான்னு காருக்குத் தெரியாது. கனம் எந்தப் பக்கம் இருக்குன்னுதான் தெரியும்."

"ஒருக்கா அவனக் கால்மாடு முன்னால கொண்டு போனோம், போதும். அவனுக்க பேரு வெட்டின கல்ல மறுபடியும் அப்பிடிக் கொண்டு போவாவளா? வெளங்குமா குடும்பம்?"

கல் ஆசாரியும் அவருடைய ஆட்களும் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தாலி கட்டியவனின் கல்லைப் பற்றிப் பொம்பளை ஒன்று சொல்லுகிறாள், வேட்டி கட்டிய மூத்தவர் ஒன்று சொல்லுகிறார். அவர்கள் யார் பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிலுவையின் உச்சி காரைப் பார்க்க, பீடம் டிரெய்லரின் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தது. கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எப்போதும் டயரை மூடியிருக்கிற இடத்தில் உள்ளங்கை நுழையும்படி இடைவெளி தெரிந்தது.

"பாத்தியளா? பின்னால தூக்குகு" என்றேன்.

"காருக்குப் பாரம் கொறஞ்சிருக்கு, அதாக்கும். நல்லதுதானே. நான் ஓட்டாத டிரெய்லரா? நீ பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடு."

"நீங்க ஓட்டினது லாரிக்க முதுகுல ஏறி இருக்கும் அத்தான். இது வாலப் பிடிச்சுத் தொங்குகது."

அவர் ஆசாரியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என் கல்யாணத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் கயிற்றை இறுக்கிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கல்லை நான் ஒருத்தியாக நகர்த்த முடியாது. கல்லறைத் தோட்டத்தில் சபையார் கூடிவிடுவார்கள், போதகர் அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தையும் நடத்திவைக்க வேண்டியிருந்தது. சாவியை மட்டும் அத்தான் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. கொக்கியின் பூட்டைப் பார்த்தேன், சங்கிலியைக் கீழே குறுக்காக மாட்டினேன், பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், ஆமை மாதிரிப் போவது என்று முடிவு செய்து வண்டியை எடுத்தேன்.

ஆமை மாதிரிப் போகிறவர்களை நம் சாலைகள் மன்னிப்பதில்லை. நாகர்கோவிலைத் தாண்டுவதற்குள் என்னைத் திட்டாத ஹாரன் கிடையாது. பைக்கில் வந்த ஒருத்தன் கண்ணாடிப் பக்கம் வந்து, "அக்கா, தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றார். பிறகு போதகருக்குப் போன் போட்டு, "டீச்சர் ஓட்டுகா ஐயா, அதான் தாமசம்" என்றார். நான் கியரை மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் கையை எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுங்கான்கடை தாண்டி ரோடு இறங்குகிற ஒரு இடத்தில் கார் தானாக வேகம் எடுத்தது. பின்னால் இருந்த கல் தள்ளுகிறது என்று காலில் தெரிந்தது. அதே நேரம் கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று, ஒரு வீடு நகர்ந்து போவதுபோல எங்களை உரசிக் கடந்தது. அதன் காற்று டிரெய்லரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது.

முதலில் ஸ்டியரிங்கில் சின்ன உதறல்தான். பிறகு கண்ணாடியில் டிரெய்லர் இடப்பக்கம் தெரிந்தது, அடுத்து வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் பெரிதாயிற்று. காரின் பின்பக்கம் தரையில் இல்லாததுபோல அதன் போக்கில் போயிற்று. எதிரே ஒரு பஸ் வருகிறது. அந்த நொடியில் என்னைத் தின்றது சாவு பயம் என்று சொன்னால் பொய். இந்த ஆளோடு சேர்ந்து சாகப் போகிறேனே என்கிற ஆத்திரம்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

"பிரேக்கப் போடு! பிரேக்கப் போடுட்டி!" என்று அத்தான் கத்தினார். என்னை 'ட்டி' போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிரேக் போடக்கூடாது. ஓங்கிப் போட்டால் கார் நிற்கும், கல் நிற்காது. டிரெய்லர் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கும். அது ஆடுகிற திசைக்கெல்லாம் ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தானாக வேகம் குறையும்வரை பொறுக்க வேண்டும். பொறுப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தானால் பொறுக்க முடியவில்லை. கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தார்.

அவருடைய புறங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். "கைய எடுங்கவே!" என்று கத்தினேன்.

கையை எடுத்துவிட்டார். பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே கடந்து போயிற்று. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டிரெய்லர் கண்ணாடியின் நடுவுக்கு வந்தது. ஓரத்தில் ஒரு மரக்கடையின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவர் புறங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே சிவந்திருந்தது, எனக்குத் திருப்தியாக இருந்தது.

மரக்கடையில் சுமட்டுக்காரர்கள் லாரியில் தடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய், கல்லைத் திருப்பிப் போட வேண்டும், கொஞ்சம் கை கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர்கள் வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். ஒருவர் சிலுவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருக்காக்கும் அக்கா?" என்றார். "எனக்க மாப்பிளைக்கு" என்றேன். அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பாத்துத் தூக்குங்கடே. இதுல தலைமாடு எது?" என்று கேட்டார்.

"கனம் உள்ள பக்கம்தான் தலைமாடு. அது காருக்கப் பக்கம் வரணும்" என்றேன்.

அத்தான் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. "வேண்டாம்" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிற குரலில் சொன்னார். "கால்மாடு முன்னால போனா அடுத்த ஆளையும் கூட்டிட்டுப் போவும்பாவ. அவன் எனக்கு எளையவன். அடுத்தது நாந்தானே டீச்சர்."

விஷயம் இதுதான். பட்டறையில் சிலுவை, குடும்பம் விளங்காது என்றெல்லாம் சொன்னது, இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு. நான் அவரைப் பார்த்தேன். கழுத்தில் சதை தொங்கிப்போய், சட்டைக் காலர் பெரிதாகியிருந்தது. தம்பி செத்தபின் அவரும் மெலிந்திருக்கிறார், நான் கவனித்ததில்லை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய பயத்துக்காக என்னை ரோட்டில் கொல்லப் பார்த்தாரே என்றுதான் தோன்றியது.

"பயமா இருந்தா நீங்க இதுல வரண்டாம் அத்தான்" என்றேன்.

சுமட்டுக்காரர்கள் கல்லை இறக்கித் திருப்பி ஏற்றினார்கள். பீடம் சக்கரத்துக்கு முன்னால் வந்து அமர்ந்ததும் காரின் பின்பக்கம் பழையபடி தாழ்ந்தது. நான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது தக்கலை பஸ் வந்தது. அத்தான் கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிட்டார். படிக்கட்டில் நின்றபடி திரும்பி, "நான் முன்ன போயி போதகருகிட்ட சொல்லி ஆரம்பிக்கச் சொல்லுகேன். நீ பைய வா" என்றார்.

ஆரம்பிக்கச் சொல்லுகேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு அவர் நின்ற நிற்பு கண்ணில் வந்தது. எனக்கு அந்தப் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. இப்போது பாரம் சரியாக இருக்கிறது, டிரெய்லர் சொன்னபடி வருகிறது, கொஞ்சம் மிதித்தால் என்ன என்று கால் கேட்டது. வில்லுக்குறி வரை நான் என் காலோடு சண்டை போட்டேன். மிதிக்கவில்லை. நல்ல புத்தியால் இல்லை. வேகமாகப் போய்க் கவிழ்ந்தால், டீச்சர் ஓட்டினா, அதான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லுவார், அந்தச் சந்தோஷத்தை நான் கொடுக்கத் தயாராக இல்லை. வளைவுகளில் அகலமாக ஒடித்து, முன்னால் போகிற வண்டிக்கு எப்போதும் விடுவதைவிட இரண்டு மடங்கு இடம் விட்டு, அந்த இடத்தில் புகுந்த ஒவ்வொரு ஆட்டோவையும் பெயர் சொல்லாமல் திட்டிக்கொண்டு போனேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலை அடைந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. கடைசிச் சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். சிலுவைக்கு வெட்டிய வெறுங்குழியைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். அத்தான் போதகருக்குப் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காரை நிறுத்துவதற்குள் போதகர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார்.

கல் இல்லாமலே பிரதிஷ்டை முடிந்துவிட்டது. போன வருடம் நான் இல்லாமல் முடித்தார்கள், இந்த வருடம் கல்லும் இல்லாமலே முடித்துவிட்டார்கள்.

நான் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தேன். இரண்டு பக்கமும் கல்லறைகள், நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அகலம். அத்தான் ஓடி வந்து பின்னால் நின்று, "லெஃப்ட்! லெஃப்ட்! ஒடி! ஒடி!" என்று இரண்டு கையையும் வீசினார். அவர் காட்டிய பக்கம் போயிருந்தால் பழைய உபதேசியார் ஒருவருடைய கல்லறை போயிருக்கும். நான் அவரைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியை மட்டும் பார்த்தேன். டிரெய்லர் குழியின் விளிம்புக்கு ஒரு சாண் விட்டு நின்றது. இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கட்டிய கயிற்றின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

கமிட்டி ஆட்கள் கல்லைத் தூக்க வந்தார்கள்.

"கயிற அவுக்கண்டாம்" என்றேன். "ஐயா, முதல்ல இருந்து ஆரம்பியுங்க."

போதகர் சின்ன வயதுக்காரர். கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, ஜெபம் எல்லாம் ஆயாச்சே. வச்சிருவோம். எனக்கு ஒரு கல்யாணம்..."

"போயிட்டு வாங்க ஐயா. கல்யாணம் முடிஞ்சு வாங்க. நான் இங்கனதான் நிப்பேன்."

"டீச்சர், சபையாரு முன்னால என்ன இது?" என்றார் அத்தான்.

நான் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அதே பாட்டின் முதல் சரணத்தைத் தனியாக எடுத்தார்கள். கட்டைக்குரல், சுருதி சேரவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்தார்.

எல்லாம் முதலிலிருந்து நடந்தது. நான் கயிற்றை அவிழ்த்தேன். பீடத்தின் பக்கம் ஐந்தாறு பேர், சிலுவையின் கைப்பக்கம் மற்றவர்கள். நான் குழியின் விளிம்பில் நின்றேன், செருப்பு நுனிக்குக் கீழே மண் உதிர்ந்தது. பீடம் குழியின் சுவரை உரசிக்கொண்டு இறங்கிற்று. கல் மண்ணில் உரசுகிற சத்தம் கரகரவென்று கேட்டது. அடியில் போய் உட்கார்ந்தபோது காலுக்கு அடியில் ஒரு அதிர்வு தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் இதற்குள்தான் இருக்கிறார், வேறு எங்கும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தம் போட்டு அழுதேன். போன வருடம் அழுதது எல்லாம் அழுகையே இல்லை.

ஆண்கள் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். சிலுவை நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வெயிலில் வேர்த்துப்போன போதகர், இவ்வளவு பெரிய கல்லை அந்தச் சின்ன காரில் எப்படித்தான் கொண்டுவந்தீர்களோ என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அது பாரம் வைக்கதுல இருக்கு ஐயா" என்று அத்தான் முன்னால் வந்தார். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. "கனம் முன்னால வரணும். சுங்கான்கடைப் பக்கம் நிறுத்தித் திருப்பிப் போட்டாச்சு. கல்ஃபுல நாங்க எல்லாம் அப்பிடித்தான். இல்லேன்னா வழியில வண்டி ஆளக் கொன்னுரும்லா."

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

"அத்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்க பஸ்ஸுலல்லா வந்திய."